தொட்டில், உறுமி, தண்டவாளத் துண்டு

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். மூத்த மகள் படிவம் 4. இயற்பியலில் அலைகள் பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டில் கைக்குழந்தை ஒன்று, ஸ்பிரிங் மாட்டிய சேலைத் தொட்டிலில். அந்தப் பெண் பாடத்தையும் தொட்டிலையும் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். தம்பி பிறந்த புதிதில் தொட்டில் படபடவென்று மேலும் கீழும் குதித்ததாம். இப்போது அவன் கனத்துவிட்டான், நிதானமாகக் குதிக்கிறதாம். ஆனால் பக்கவாட்டில் ஆட்டினால் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே வேகம். ஏன் அப்படி என்பது முதல் கேள்வி.

இரண்டாவது: மாரியம்மன் திருவிழாவில் உறுமி மேளம் தெருவில் வந்தபோது முன்னறை நாகோ ஜன்னலின் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. மேளத்திலிருந்து காற்று கிளம்பி வந்து மோதுகிறதா? மூன்றாவது: டியூஷனில் கொடுத்த குறிப்பில், 'திடப்பொருளில் அடர்த்தி அதிகம், ஆகவே ஒலி வேகமாகச் செல்லும்' என்று இருக்கிறதாம். கனமான பொருள் என்றாலே ஒலி வேகமா?

மூன்றும் நல்ல கேள்விகள். மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. நான் வாத்தியார் இல்லை. செம்பனை ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் இருந்தவன். எந்த இயந்திரம் எவ்வளவு அதிர்கிறது, ஏன் அதிர்கிறது என்று பார்ப்பதே வேலை. அதிர்வுதான் எனக்குச் சோறு போட்டது. அதனால் புத்தகத்து வரிசையில் சொல்லாமல் என் வழியில் சொல்கிறேன்.

ஆடுகிற எந்தப் பொருளை எடுத்தாலும் அதில் இரண்டு சங்கதி இருக்கும். ஒன்று, இழுப்பு. இருந்த இடத்தை விட்டு நகர்த்தினால், 'வா இங்கே' என்று திரும்ப இழுக்கிற ஏதோ ஒன்று. ஸ்பிரிங்காக இருக்கலாம், இழுத்துக் கட்டிய தோலாக இருக்கலாம், புவி ஈர்ப்பாகவும் இருக்கலாம். இரண்டாவது, பாரம். தராசு காட்டும் எடையைச் சொல்லவில்லை. சும்மா இருந்தால் அசைய மறுக்கும், அசைந்துவிட்டால் நிற்க மறுக்கும் அந்தப் பிடிவாதம். புத்தகத்தில் நிறை, மலாயில் ஜிசிம். இழுப்பு பொருளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறது. வந்த வேகத்தில் நிற்க முடியாமல் பாரம் அதை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. அங்கிருந்து மறுபடி இழுப்பு. இந்த வழக்கு தீராததுதான் அதிர்வு.

இழுப்பு கூடினால் ஆட்டம் வேகமாகும். பாரம் கூடினால் மெதுவாகும். ஒரு முறை ஆடி முடிக்கும் நேரத்தைக் கணக்கிட, பாரத்தை இழுப்பால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.28 ஆல் பெருக்க வேண்டும். இந்தப் பாடத்தில் வரும் சூத்திரங்களில் பாதி இதே சூத்திரம் வேறு சட்டை போட்டு வருவதுதான்.

இப்போது தொட்டிலுக்கு வருவோம். 6 கிலோ குழந்தையைப் படுக்க வைத்தால் ஸ்பிரிங் 10 சென்டிமீட்டர் நீள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அந்த ஸ்பிரிங்கின் இழுப்பு மீட்டருக்கு ஏறக்குறைய 590 நியூட்டன். 6 ஐ 590 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.28 ஆல் பெருக்கினால் 0.63 விநாடி. ஒரு குதிப்புக்கு அவ்வளவு நேரம். அதே பிள்ளை 12 கிலோ ஆனதும் 0.9 விநாடி. எடை இரண்டு மடங்கு ஆனாலும் நேரம் இரண்டு மடங்கு ஆகவில்லை, 1.4 மடங்குதான்; வர்க்கமூலத்தின் வேலை அது. (கடையில் விற்கும் தொட்டில் ஸ்பிரிங்கைச் சும்மா இருக்கும்போதே சுருள்கள் ஒட்டிக்கொள்ளும்படி இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். முதலில் கொஞ்சம் பாரம் ஏறிய பிறகே அது நீள ஆரம்பிக்கும். ஆகவே எவ்வளவு நீண்டது என்பதை வைத்துக் கணக்குப் போட்டால் உங்கள் வீட்டு எண் கொஞ்சம் பிசகும். பாதகமில்லை.)

பக்கவாட்டில் ஆட்டும்போது ஸ்பிரிங்குக்கு வேலை இல்லை. தொட்டிலை நடுவுக்குத் திரும்ப இழுப்பது புவி ஈர்ப்பு. இங்கேதான் ஒரு வேடிக்கை. ஸ்பிரிங்குக்குக் குழந்தையின் எடை தெரியாது. யார் படுத்தாலும் அதன் விறைப்பு ஒன்றே. புவி ஈர்ப்போ ஆளைப் பார்த்து இழுக்கும். இரண்டு மடங்கு கனத்த பிள்ளையை இரண்டு மடங்கு பலமாக இழுக்கும். மேலே பாரம் இரட்டிப்பு, கீழே இழுப்பும் இரட்டிப்பு. வகுத்தால் அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது தொட்டிலின் நீளம் மட்டும். உத்திரத்துக் கொக்கியிலிருந்து குழந்தை படுத்திருக்கும் இடம் வரை 1.5 மீட்டர் என்றால் ஓர் ஆட்டத்துக்கு 2.46 விநாடி. இருபது ஆட்டம் எண்ணினால் 49 விநாடி. கைத்தொலைபேசியில் நேரத்தை வைத்து மகளை எண்ணச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு விநாடி முன்னே பின்னே வந்தாலும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கும். இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், கனத்த பிள்ளையால் ஸ்பிரிங் நீண்டு தொட்டில் 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும், அதனால் 49 என்பது 51 ஆகும். அது கண்ணுக்குத் தெரியாது.

இதே தொட்டிலை நிலாவில் கட்டினால் பக்கவாட்டு ஆட்டம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு மெதுவாகும். மேலும் கீழும் குதிப்பது மட்டும் சுங்கை சிப்புட்டில் குதித்த மாதிரியே குதிக்கும். ஏன் என்று மகளிடமே கேளுங்கள், சொல்லிவிடுவாள்.

சரி, இது தனியாக ஆடும் ஒரு பொருளின் கதை. ஆடுகிற பொருள்களை வரிசையாக நிற்க வைத்து, ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளச் செய்தால் அலை வந்துவிடும். வீட்டுப் பின்புறத்துத் துணிக்கொடியில் பாருங்கள். நைலான் கயிறு, பத்து மீட்டர், துணி எதுவும் காயாத நேரம். ஒரு முனைப் பக்கம் நின்று கயிற்றைச் சட்டென்று ஒரு தட்டுத் தட்டினால் ஒரு மேடு கிளம்பி மறுமுனைக்கு ஓடும். கம்பத்தில் மோதி, தலைகீழாகத் திரும்பி உங்கள் கைக்கே வரும். கயிற்றில் ஒரு துணிக்கிளிப்பை மாட்டிவிட்டு மறுபடி தட்டுங்கள். மேடு கடக்கும்போது கிளிப் ஏறி இறங்கும், அவ்வளவுதான். கம்பத்தை நோக்கி ஓர் அங்குலம்கூட நகராது. ஓடியது கயிறும் இல்லை கிளிப்பும் இல்லை. ஒரு துண்டு கயிறு அடுத்த துண்டை இழுத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது, அந்தத் துண்டு அதற்கு அடுத்ததை இழுத்தது. ரேஷன் சாமான் இறக்கும்போது வரிசையாக நின்று அரிசி மூட்டையைக் கைமாற்றுவோமே, அப்போதும் ஆள் நகர்வதில்லை. ஆனால் அங்கே மூட்டையாவது நகர்கிறது. அலையில் கைமாறுவது அசைவு மட்டும், அதாவது ஆற்றல்.

இந்த மேடு எவ்வளவு வேகமாக ஓடும் என்பதும் அதே இரண்டு சங்கதிதான். கயிறு எவ்வளவு இறுக்கம் என்பது இழுப்பு. ஒரு மீட்டர் கயிறு எவ்வளவு கனம் என்பது பாரம். மீட்டருக்கு 50 கிராம் கயிற்றை 45 நியூட்டன் விசையில் இழுத்துக் கட்டினால், 45 ஐ 0.05 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்: விநாடிக்கு 30 மீட்டர். வேகம் என்பதால் இங்கே இழுப்பு மேலே, பாரம் கீழே. மழையில் நனைந்த கொடியில் மேடு மெதுவாகப் போகும். இறுக்கிக் கட்டினால் விர்ரென்று போகும்.

இனி உறுமி. மேளத்திலிருந்து ஜன்னலுக்குக் காற்று வருகிறதா? வரவில்லை. ஒலி போகும் வேகம் நம் ஊர் வெயிலில், 30 டிகிரி வெப்பத்தில், விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர். மணிக்கு 1,250 கிலோமீட்டர். அந்த வேகத்தில் நிஜமாகவே காற்று வந்தால் ஜன்னல் ஆடாது, தாமானே (குடியிருப்பே) இருக்காது. கோயிலில் சாம்பிராணிப் புகையைப் பார்த்திருப்பீர்கள். உறுமிக்கு இரண்டு அடி தள்ளிக்கூட அது தன் போக்கில் மேலே போய்க்கொண்டிருக்கும். துணிக்கிளிப் மாதிரிதான். காற்றின் ஒவ்வொரு துளியும் முன்னும் பின்னும் நடுங்கிவிட்டு இருந்த இடத்திலேயே நிற்கிறது. கயிற்றில் துண்டுகள் குறுக்கே ஆடின. காற்றில் அலை போகும் திசையிலேயே நெருங்கியும் விலகியும் ஆடுகின்றன. அதுதான் குறுக்கலைக்கும் நெட்டலைக்கும் உள்ள வித்தியாசம், பரீட்சையில் வரும்.

எவ்வளவு தூரம் நடுங்குகிறது தெரியுமா? காதை அடைக்கும் மேளம், 100 டெசிபல், விநாடிக்கு 100 அதிர்வு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் காற்று நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிப்பைவிடக் குறைவு. காற்றழுத்தம் கூடிக் குறைவது வெறும் 2 பாஸ்கல். நம்மைச் சுற்றி எப்போதும் இருக்கும் அழுத்தத்தில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. அரை சதுர மீட்டர் ஜன்னலில் அது ஒரு நியூட்டன், அதாவது இரண்டு சின்ன முட்டைகளின் எடை. விநாடிக்கு நூறு தடவை தள்ளுகிறது, நூறு தடவை இழுக்கிறது.

இரண்டு முட்டை கனத்துக்கா கண்ணாடி இப்படிக் கடகடக்கிறது? இங்கேதான் ஒத்ததிர்வு, மலாயில் ரெசோனான்ஸ். தொட்டிலை ஆட்டும் பாட்டியைக் கவனியுங்கள். ஒரு கையில் கைத்தொலைபேசி, இன்னொரு கையின் சுண்டுவிரலால் தொட்டிலைத் தொடுவார், அது பாட்டுக்கு ஆடும். தொட்டில் அந்தப் பக்கம் போகத் தொடங்கும் சரியான நேரத்தில் தொடுவதால் ஒவ்வொரு தள்ளலும் முந்தியதோடு சேர்கிறது. நேரம் தவறித் தள்ளினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் ஆட்டம் கெடும். நாகோ கண்ணாடிப் பட்டைக்கும் அதன் அலுமினியப் பிடிக்கும் சேர்ந்து ஒரு சொந்த ஆட்ட வேகம் இருக்கிறது. உறுமியின் ஏதோ ஓர் அடி அந்த வேகத்தோடு பொருந்திவிட்டால் சின்னச் சின்னத் தள்ளல்கள் சேர்ந்து, பிடியில் உள்ள இடைவெளியைவிட ஆட்டம் பெரிதாகி, கண்ணாடி பிடியில் மோதுகிறது. நீங்கள் கேட்ட கடகட சத்தம் அந்த மோதல். நாதஸ்வரம் இன்னும் உரக்க ஊதினாலும் அந்தக் கண்ணாடி வாயைத் திறக்காது, வேகம் பொருந்தவில்லை.

பழைய தோட்டத்து பஸ்ஸில் போனவர்களுக்கு இது தெரியும். பஸ் நின்றபடி உறுமிக்கொண்டிருக்கும்போது ஜன்னலெல்லாம் நடுங்கும்; டிரைவர் எண்ணெயை மிதித்ததும் அடங்கிவிடும். துணி துவைக்கும் இயந்திரமும் அப்படித்தான். முழு வேகத்தில் சுற்றும்போது அமைதியாக இருக்கும், நிற்கப் போகும்போது ஒரு குறிப்பிட்ட வேகத்தைக் கடக்கையில் பேய் பிடித்த மாதிரி குதிக்கும்.

உறுமியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மற்ற மேளங்களை அடித்துத்தான் வாசிப்பார்கள். உறுமியில் ஒரு பக்கம் அடி, இன்னொரு பக்கம் தேய்ப்பு. வளைந்த குச்சி தோலில் ஒட்டிக்கொள்கிறது, தோலைத் தன்னோடு இழுக்கிறது. தோல் ஓரளவுக்கு மேல் வராமல் வெடுக்கென்று வழுக்கித் திரும்புகிறது. குச்சி மறுபடி பிடிக்கிறது. பிடி, வழுக்கு, பிடி, வழுக்கு. விநாடிக்குப் பல பத்துத் தடவை. அந்த முனகல் அங்கிருந்துதான் வருகிறது. வயலின் வில்லும் நரம்பும் செய்வது இதே வேலை. எண்ணெய் போடாத கதவுக் கீலும் இதே வேலைதான், கச்சேரி மட்டும் கொஞ்சம் சுமார்.

நாங்கள் பிள்ளைகளாக லயத்தில் இருந்தபோது தப்புக்காரர்கள் ஊர்வலத்துக்கு முன் சருகைக் குவித்துத் தீ மூட்டித் தப்பைக் காய்ச்சுவார்கள். சாமி காரியம், நெருப்பு சடங்கு என்று நினைத்திருந்தேன். சூட்டில் தோலின் ஈரம் போய் இறுக்கம் ஏறுகிறது, இழுப்பு கூடுகிறது, சுருதி ஏறுகிறது. மழைத் தூறலில் அரை மணி நேரம் வாசித்தால் தோல் தொய்ந்து சத்தம் தணிந்துவிடும், மறுபடி தீ தேடுவார்கள். இழுப்பை மாற்றும் வேலை இது. பாரத்தை மாற்றும் வேலையை மிருதங்கத்தில் பாருங்கள். இடது பக்கத் தொப்பியில், வாசிக்கும் முன் ரவையைப் பிசைந்து நடுவில் அப்புவார்கள். தோல் கனக்கிறது, சத்தம் தாழ்கிறது. சரியாக வரும்வரை கொஞ்சம் கிள்ளி எடுப்பார்கள், கொஞ்சம் ஒட்டுவார்கள்.

வலப்பக்கத்தில் இருக்கும் கறுப்பு வட்டம் இன்னும் பெரிய சங்கதி. சும்மா இழுத்துக் கட்டிய வட்டத் தோலைத் தட்டினால் அடிப்படைச் சத்தத்தோடு வேறு சத்தங்களும் கிளம்பும். அவற்றின் அதிர்வெண்கள் அடிப்படையைப் போல 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று கோணல்மாணலாக இருக்கும். அதனால்தான் சாதாரண டிரம்மில் 'தொம்' வரும், சுருதி வராது. நரம்புக் கருவியில் அவை 2, 3, 4 என்று முழு மடங்குகள். நடுவில் அந்தக் கறுப்புப் பசையைப் படலம் படலமாக ஏற்றித் தேய்க்கும்போது தோலின் பாரம் நடுவில் கூடி ஓரத்தில் குறைந்து, மேல் சத்தங்கள் முழு மடங்குகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்கின்றன. மிருதங்கம் பாடுவதன் காரணம் அது. இதை அளந்து சொன்னவர் திருச்சிக்குப் பக்கத்தில் திருவானைக்காவலில் 1888 இல் பிறந்த சர் சி.வி. இராமன். 1930 இல் நோபல் பரிசு ஒளிக்காகக் கிடைத்தது. அதற்குப் பத்து வருடம் முன்பே, 1920 இல், மேளங்களைப் பற்றி ஆய்வுக் குறிப்பு வெளியிட்டுவிட்டார். மிருதங்கம் செய்தவர்கள் அவருக்கு எத்தனையோ தலைமுறை முந்தியே காதை வைத்து அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆலையில் எனக்கு நடந்த ஒன்று. கொதிகலன் பக்கம் ஒரு பெரிய காற்றாடியைப் புதிய இரும்பு மேடையில் தூக்கி வைத்தார்கள். மோட்டார் நிமிடத்துக்கு 1,470 சுற்று. ஓட விட்டதும் மேடையே நடுங்கியது. மேலே வைத்த தேநீர்க் குவளை ஊர்ந்து ஊர்ந்து விளிம்புக்கு வந்தது. காற்றாடி சமநிலையில் இல்லை என்று கழற்றிச் சமப்படுத்தினோம். நடுக்கம் குறைந்தது, போகவில்லை. பேரிங்கை மாற்றினோம். இரண்டு வாரத்தில் புது பேரிங்கும் போனது. அதற்குள் மேலதிகாரியின் முகமும் போனது. அப்புறம் ஒரு நாள் மோட்டாரை நிறுத்திவிட்டு, மேடையை ஒரு மரச் சுத்தியலால் தட்டி, அது தானாக எந்த வேகத்தில் அதிர்கிறது என்று அளந்தேன். விநாடிக்கு 25 தடவை. மோட்டாரின் 1,470 ஐ 60 ஆல் வகுத்தால் 24.5. மேடை பாட்டியின் தொட்டில், மோட்டார் சுண்டுவிரல். இரண்டு கோண இரும்புகளைக் குறுக்கே வைத்து வெல்டிங் அடித்தோம். இழுப்பு கூடியது, மேடையின் சொந்த வேகம் முப்பதுகளுக்கு ஏறிவிட்டது, நடுக்கம் நின்றது. செலவு இரண்டு கோண இரும்பு. முதலிலேயே தட்டிப் பார்த்திருந்தால் ஒரு பேரிங்கும் இரண்டு வாரத் தூக்கமும் மிஞ்சியிருக்கும்.

பினாங்கில் மாடிவீட்டில் இருப்பவர்களுக்கு இதே கதை வேறு மாதிரி நடக்கும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம். என் தங்கை அங்கே பதினெட்டாம் மாடியில் இருந்தாள். விளக்கு ஊசலாடியது, படி வழியாக இறங்கி ஓடினாள். கீழே காவலாளிக்கு ஒன்றும் தெரியவில்லை. உயரமான கட்டடம் நீளமான தொட்டில் மாதிரி, ஓர் ஆட்டத்துக்கு இரண்டு விநாடி அளவில் எடுத்துக்கொள்ளும். தரைவீடு விநாடியில் பத்தில் ஒரு பங்கில் ஆடி முடித்துவிடும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வரும் நில அலையில் வேகமான நடுக்கமெல்லாம் வழியிலேயே தேய்ந்துபோய், மெதுவான ஆட்டமே மிஞ்சுகிறது. அது மாடிவீட்டோடு பொருந்துகிறது, தரைவீட்டோடு பொருந்துவதில்லை.

வழியில் தேய்வது ஒலிக்கும் உண்டு. இரண்டு மைல் தள்ளித் திருவிழா நடந்தால் என்ன கேட்கிறது? டும், டும், டும். நாதஸ்வரம் எங்கே போனது? விநாடிக்கு 100 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டர். 3,000 அதிர்வுள்ளதன் அலைநீளம் 12 சென்டிமீட்டர்கூட இல்லை. நீண்ட அலை வீட்டுச் சுவரையும் செம்பனை மரத்தையும் சுற்றி வளைந்து வந்துவிடும். குட்டை அலை மோதித் திரும்பும், மிச்சத்தைக் காற்றே குடித்துவிடும். ஆனால் ஒன்று கவனியுங்கள்: நாதஸ்வரம் கேட்கும் தூரத்தில் நின்றால், தாளமும் ராகமும் ஒன்றாகவே வந்து சேரும். உச்சஸ்தாயி முந்திக்கொண்டோ மேளம் பிந்தியோ வருவதில்லை. அதிர்வெண் கூடினால் வேகம் கூடும் என்று பிள்ளைகள் எழுதும்போது இந்தத் திருவிழாவை நினைக்கச் சொல்லுங்கள். வேகத்தை முடிவு செய்வது காற்று, வாசிப்பவர் இல்லை. அதிர்வெண்ணை ஏற்றினால் அலைநீளம் சுருங்கும். இரண்டையும் பெருக்கினால் அதே 349.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். டியூஷன் குறிப்பில் இருப்பது தப்பு. பல வருடமாகப் பல பிள்ளைகளிடம் இதே வாக்கியத்தைப் பார்க்கிறேன், யாரோ ஒருவர் எழுதி எல்லாரும் பார்த்து எழுதுகிறார்கள் போலிருக்கிறது. பாரம் கூடினால் அலை மெதுவாகத்தான் போகும், நனைந்த துணிக்கொடியில் பார்த்தோமே. திடப்பொருளில் ஒலி வேகமாகப் போவது அதன் பாரத்தால் அல்ல, பாரத்தையும் மீறி.

அந்தக் காலத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலையாட்களைக் கூட்டிப் பேர் பார்ப்பதற்கு, மணி அடிக்கத் தோட்டத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த இரும்பை எடுத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் காற்று 1.2 கிலோ, அதே அளவு எஃகு 7,850 கிலோ. ஏறக்குறைய 6,500 மடங்கு கனம். இது மட்டும் என்றால் எஃகில் ஒலி காற்றைவிட எண்பது மடங்கு மெதுவாக, சைக்கிள் வேகத்தில் போக வேண்டும். ஆனால் இழுப்பைப் பாருங்கள். காற்றை அமுக்குவதைவிட எஃகை அமுக்குவது சுமார் 14 லட்சம் மடங்கு கடினம். 14 லட்சத்தை 6,500 ஆல் வகுத்தால் 215 சொச்சம். வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 14.7. காற்றில் 349 என்றால் எஃகில் விநாடிக்கு 5,100 மீட்டர். அளந்தாலும் அதுதான் வருகிறது.

1808 இல் பாரிஸில் பியோ என்ற அறிஞர் 951 மீட்டர் நீள வார்ப்பிரும்புக் குழாயை வைத்து இதைப் பார்த்தார். ஒரு முனையில் அடிக்க, மறுமுனையில் இரண்டு சத்தம் கேட்டது. முதலில் இரும்பு வழியாக, பிறகு உள்ளே இருந்த காற்று வழியாக. இரும்பில் ஒலி பத்து மடங்கு வேகம் என்று கண்டார். வார்ப்பிரும்பின் விறைப்பு எஃகைவிடக் குறைவு, அதனால் பதினைந்து இல்லாமல் பத்து. ஈயத்தைப் பாருங்கள், எஃகைவிடக் கனம், ஆனால் நகத்தால் கீறலாம், அவ்வளவு மெத்து. அதன் கம்பியில் ஒலி எஃகில் போவதில் கால் பங்கு வேகத்தில்தான் போகும். டியூஷன் குறிப்புப்படி ஈயம் ஜெயித்திருக்க வேண்டும்.

நீளமான இரும்பு வேலிக் குழாய் கிடைத்தால் பிள்ளைகள் பார்க்கலாம். 60 மீட்டர் தள்ளி ஒருவர் கல்லால் தட்ட, இந்தப் பக்கம் குழாயில் ஒரு காதை வைத்தால் 'டக்-டக்' என்று இரண்டு கேட்கும். ரயில் தண்டவாளத்தில் மட்டும் வேண்டாம். மின்ரயில் மணிக்கு 140 கிலோமீட்டரில் வருகிறது. ஒரு கிலோமீட்டர் என்பது இருபத்தாறு விநாடி.

கடைசியாக, கேள்வியில் இல்லாத ஒன்று. எல்லா அலைக்கும் பாரம் கணக்கில் வருமானால், பக்கவாட்டுத் தொட்டில் மாதிரி பாரம் அடிபட்டுப் போகிற அலை இருக்கிறதா? இருக்கிறது, கடலில். நீர் அலையைத் திரும்பச் சமமாக இழுப்பது புவி ஈர்ப்பு. ஆகவே நீரின் கனம் அடிபட்டுவிடுகிறது. ஆழத்தைவிட மிக நீண்ட அலைக்கு வேகம் என்பது 9.8 ஐ ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தது, அவ்வளவுதான். 4,000 மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு 198 மீட்டர், மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல், விமானத்தோடு போட்டி போடலாம். 50 மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு 22 மீட்டர், மணிக்கு 80 கிலோமீட்டர். 2004 டிசம்பர் 26 காலை நம் நேரப்படி ஒன்பது மணியளவில் சுமத்ராவில் நிலம் பிளந்தது. சுனாமி பினாங்கையும் கெடாவின் கோலமூடாவையும் தொட்டபோது மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. மலாக்கா நீரிணையின் ஆழம் குறைவு. அலை அங்கே நுழைந்ததும் நடை தளர்ந்துவிட்டது. ஆனால் பின்னால் வருவது நெருக்கித் தள்ளுவதால், வேகம் குறையக் குறைய அலை உயரும். மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள். அந்த நான்கு மணி நேரத்தில் யாருக்கும் எச்சரிக்கை போகவில்லை. அப்போது இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பே இல்லை.

ஜன்னலை மறந்துவிட்டேன், தங்கச்சி. கடகடக்கும் கண்ணாடிப் பட்டை எது என்று விரல்நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் எது அடங்குகிறதோ அதுதான். பால் பெட்டி அட்டையைச் சின்னதாக வெட்டி இரண்டாக மடித்து, அந்தக் கண்ணாடிக்கும் அலுமினியப் பிடிக்கும் நடுவில் இரு முனையிலும் செருகுங்கள். அட்டை இறுக்கிப் பிடிப்பதால் சொந்த வேகம் மாறும், ஆட்டத்தின் ஆற்றலையும் அது கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். புத்தகத்தில் அதற்குப் பெயர் தணிப்பு. மகளுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி அது. உங்கள் வீட்டுக்காரர் சிலிக்கான் பசை வாங்கி வந்து எல்லாவற்றையும் ஒட்டுகிறேன் என்று கிளம்பினால் விடாதீர்கள், பிறகு ஜன்னலைத் திறக்க முடியாது.